பசி அடங்காத பூனை, லிட்டர் பாக்ஸுக்கு வெளியே சிறுநீர்: இரண்டும் ஒரே நோயாக இருக்கலாம்

கடிதத்தின் சுருக்கம்

தஞ்சாவூரில் அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் அவர், கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், மாமியார். பூனையின் பெயரைச் சின்னு என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வயது, கருத்தடை செய்த ஆண், வெளியே விடுவதில்லை. ஆறேழு மாதமாகச் சாப்பாட்டுக்கு ஓயாமல் கத்துகிறான். விடியற்காலை நாலு மணிக்கே படுக்கையறைக் கதவைப் பிறாண்டுகிறான். உலர் தீவனக் கிண்ணம் எந்நேரமும் நிறைந்திருக்கிறது. போதாததற்குக் காலையில் தயிர்சாதம், மதியம் மத்தி மீன், ராத்திரி யாராவது தட்டிலிருந்து எடுத்துப் போடும் குழம்பு மீன். மூன்று மாதமாக வேறொரு தொல்லை. பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஆற்று மணல் போட்டு வைத்திருக்கும் மூடியுள்ள லிட்டர் பாக்ஸில் மலம் மட்டும் கழிக்கிறான். சிறுநீரைக் குளியலறை மிதியடியிலும் மெத்தையிலும் விடுகிறான். நனைந்த இடம் உள்ளங்கை அளவல்ல, தட்டு அளவு என்று எழுதியிருக்கிறார். பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, மூக்கை அந்த இடத்தில் தேய்த்து அதட்டியாயிற்று, பினாயில் போட்டுக் கழுவியாயிற்று. சென்ற ஆண்டு தடுப்பூசியின்போது 6.1 கிலோ இருந்தவன் இப்போது 4.9 கிலோ. தோல் அரிப்புக்காகச் சென்ற ஆண்டு இரண்டு முறை "மாதக்கணக்கில் வேலை செய்யும் ஊசி" போட்டிருக்கிறார்கள். அலமாரி மேல் தாவி ஏறுவதையும் விட்டுவிட்டான்.

அவர் கேட்பவை: சாப்பாட்டைப் பாதியாகக் குறைக்கலாமா? பரிசோதனைகளுக்குச் செலவு அதிகமாகுமா? எங்கள் மேல் உள்ள கோபத்தில்தான் மெத்தையை நனைக்கிறானா? மீன் மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்வான் என்கிறார் மாமியார்; அது சரியா?

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் நீங்கள் நிம்மதியோடு எழுதியிருக்கும் ஒரே வரிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது: "குண்டாக இருந்தவன் நன்றாக இளைத்துவிட்டான்." 6.1 கிலோவிலிருந்து 4.9 கிலோ என்றால் உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. முன்பைவிட அதிகம் தின்னும் பூனை இப்படி இளைக்கக் கூடாது. தின்பது உடம்பில் ஒட்டவில்லை என்றுதான் அதற்குப் பொருள். ஆகவே முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். பரிசோதனை முடியும்வரை ஒரு கிராம்கூடக் குறைக்க வேண்டாம். பருத்த பூனைக்கு இரை திடீரென்று நின்றால் உடம்புக் கொழுப்பு கல்லீரலுக்குள் போய்ச் சேர்ந்து, அதுவே தனி நோயாகிவிடும். இரண்டு மூன்று நாள் பட்டினியே அதற்குப் போதும்.

இரண்டு தொல்லைகளைத் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். சாப்பாட்டு வெறி ஒன்று, சிறுநீர் இன்னொன்று. ஒன்பது வயது, கருத்தடை செய்த ஆண், வெகுநாள் குண்டாக இருந்த உடம்பு, அடங்காத பசி, எடை குறைவு, தட்டு அளவுக்குச் சிறுநீர். இவ்வளவும் ஒரு பூனையிடம் சேர்ந்து வரும்போது மருத்துவர் முதலில் சந்தேகிப்பது சர்க்கரை நோயை. இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யாததால் இரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் அது தசைக்குள் போவதில்லை. உடம்பு பட்டினி கிடப்பதாகவே உணர்கிறது, அதனால் கத்துகிறான். பூனையின் இரத்தச் சர்க்கரை சுமார் 250 முதல் 280 அளவைத் தாண்டியதும் சிறுநீரில் வழியத் தொடங்கும்; வழியும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். சிறுநீர்ப்பை அடிக்கடி நிறைகிறது, பால்கனி வரை போக அவகாசமில்லை, வழியில் மெத்தென்று கிடப்பது மிதியடி. மலம் மட்டும் சரியாகப் பாக்ஸில் விழுகிறது என்ற உங்கள் கவனிப்பும் இதோடு பொருந்துகிறது. பழக்கம் மறந்துபோகவில்லை. சிறுநீரைத்தான் அடக்க முடியவில்லை.

அலமாரி ஏறாததை வயதின் தளர்ச்சி என்று விட்டுவிடாதீர்கள். சர்க்கரை நோய் முற்றினால் பின்னங்கால் நரம்புகள் பலவீனப்படும். விரலூன்றி நடக்க வேண்டிய பூனை, குதிகால் தரையில் பட, தட்டையாக நடக்கும். பக்கவாட்டிலிருந்து ஒரு சிறு வீடியோ எடுத்து வையுங்கள். மூட்டுத் தேய்மானமாகவும் இருக்கலாம்; வயதான பூனைகளில் அது மிகச் சாதாரணம், வலியை அவை வெளியே காட்டாது.

அந்த அரிப்பு ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் வேலை செய்யும் அரிப்பு ஊசி பெரும்பாலும் ஸ்டீராய்டு. அது பசியையும் தாகத்தையும் சிறுநீரையும் கூட்டும். பருத்த ஆண் பூனைகளில் உள்ளே பதுங்கியிருக்கும் சர்க்கரை நோயை வெளியே கொண்டுவரவும் செய்யும். போட்ட மருத்துவர் தவறு செய்தார் என்று நான் சொல்லவில்லை. அரிப்பு கடுமையாக இருந்தால் அது தேவைப்படும் மருந்துதான். ஆனால் என்ன ஊசி, எந்தத் தேதிகளில் என்று பழைய சீட்டைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் தெரியும்வரை அடுத்த ஊசி வேண்டாம்.

சர்க்கரை நோய்தான் என்று கடிதத்தைப் படித்தே முடிவுகட்ட முடியாது. இதே அறிகுறிகள் தைராய்டு சுரப்பு மிகுவதிலும் வரும். பத்து வயதை ஒட்டிய பூனைகளில் அது பரவலாகக் காணப்படும் நோய். தின்றுகொண்டே இளைக்கும், இரவில் கத்தும், இதயம் படபடக்கும். குடல் சுவர் தடித்து, தின்றது செரிக்காமல் போவது மூன்றாவது வாய்ப்பு. வாந்தியும் இளகிய மலமும் கூட வந்தால் அதை நினைக்க வேண்டும். சிறுநீரக நோயிலும் சிறுநீர் பெருகும், ஆனால் பெரும்பாலும் பசி குறையும். குடற்புழுவுக்கு இந்த வயதில், வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனையில், இத்தனை எடையைக் குறைக்கும் வலு அரிது.

மருத்துவமனைக்குப் போகுமுன் வீட்டில்

தண்ணீரை அளந்து பாருங்கள். காலையில் 500 மி.லி. அளந்து கிண்ணத்தில் ஊற்றுங்கள், வேறெங்கும் தண்ணீர் வைக்காதீர்கள், குளியலறை வாளியை மூடி வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளந்து கழியுங்கள். இடையில் கிண்ணம் காலியானால் மறுபடி அளந்து ஊற்ற வேண்டும்; தாகத்தில் தவிக்க விடக் கூடாது. மூன்று நாள் இப்படிக் குறியுங்கள். ஐந்து கிலோ பூனை நாளுக்கு 250 மி.லி.க்கு மேல் குடித்தால் கவனிக்க வேண்டும். 500 மி.லி.யைத் தொட்டால் நிச்சயம் நோய்.

சிறுநீர் மாதிரி எடுக்க ஊசி தேவையில்லை. பாக்ஸை நன்றாகக் கழுவிக் காயவைத்து, மணலுக்குப் பதில் கழுவி உலர்த்திய மீன்தொட்டிக் கூழாங்கல்லை ஒரு கைப்பிடி போடுங்கள். சிறுநீர் ஊறாமல் தேங்கும். சிரிஞ்சில் 5 மி.லி. உறிஞ்சிச் சுத்தமான டப்பாவில் ஊற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள். முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள். சர்க்கரை, கீட்டோன் (சர்க்கரைக்குப் பதில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) இரண்டையும் காட்டும் சிறுநீர்ப் பட்டை மருந்துக்கடையில் கிடைக்கும். அதில் சர்க்கரைக் கட்டம் நிறம் மாறினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். கீட்டோனும் மாறினால் அது அவசரம்.

எடையைக் குளியலறைத் தராசில் பார்த்திருக்கிறீர்கள். பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று உங்கள் எடையைக் கழிக்கும்போது 200 கிராம் வரை பிசகலாம். மருத்துவமனைத் தராசில் ஒருமுறை எடை பார்த்துவிடுங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை, அதே தராசு, அதே நேரம்.

எந்தப் பரிசோதனை, எந்த வரிசையில்

செலவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டியதில்லை. முதலில் சிறுநீர்ப் பரிசோதனையும் இரத்தச் சர்க்கரையும். பயந்த பூனைக்கு, ஆட்டோவில் கத்திக்கொண்டு வந்ததாலேயே இரத்தச் சர்க்கரை 300 வரை ஏறிவிடும். எனவே ஒற்றை இரத்த அளவை மட்டும் வைத்து இன்சுலின் தொடங்கக் கூடாது. சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐயம் இருந்தால் ஃப்ரக்டோசமைன் என்ற பரிசோதனை, போன ஒன்றிரண்டு வாரங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டிவிடும். சர்க்கரை இல்லை என்றால் அடுத்து டி4 என்ற தைராய்டு அளவு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், இரத்த அணுக்கள். இவையும் சரியாக இருந்தால்தான் வயிற்று ஸ்கேன். தஞ்சாவூரிலிருந்து போய்வரக்கூடிய தூரத்தில் ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தனியார் ஆய்வகத்துக்குப் போகுமுன் அங்கே விசாரியுங்கள்.

சர்க்கரை நோய் என்று உறுதியானால் மனம் தளர வேண்டாம். பூனைகளில் இந்த நோய்க்கு ஒரு நல்ல குணம் உண்டு: சீக்கிரம் பிடித்து, இன்சுலினோடு மாவுச்சத்துக் குறைந்த உணவும் கொடுத்தால், சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாத நிலைக்குப் பல பூனைகள் திரும்புகின்றன. நாய்களில் இது அரிது. பெரும்பாலும் கிளார்ஜின் என்ற, மனிதர்களுக்கான இன்சுலினைத்தான் எழுதுவார்கள், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஓரிரு யூனிட் அளவில். அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது சிரிஞ்ச். நம் ஊர் மருந்துக்கடைகளில் 40 யூனிட் சிரிஞ்சும் 100 யூனிட் சிரிஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கிளார்ஜின் பொதுவாக ஒரு மி.லி.யில் 100 யூனிட் உள்ள மருந்து. அதை 40 யூனிட் சிரிஞ்சில் ஏற்றினால் கோடு ஒன்று காட்டும்போது உள்ளே இரண்டரை யூனிட் போகும்; பூனை வலிப்பு வந்து சரிந்துவிடும். பொதுவாக 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தையும் படியுங்கள். ஊசி போடும் பூனை தள்ளாடினால், நடுங்கினால், தேனையோ கெட்டிச் சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிவிட்டு உடனே கிளம்புங்கள். மனிதர்களுக்கான குளுக்கோமீட்டரில் காது நுனி இரத்தத்தை வீட்டிலேயே பார்க்கலாம். அது பூனையில் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும் போக்குள்ளது என்பதை நினைவில் வையுங்கள்.

தைராய்டு என்றால் மாத்திரையிலேயே கட்டுப்படுத்தலாம். மருத்துவரைக் கேட்காமல் வீட்டுப் பெரியவர்களின் தைராய்டு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் சுரப்பைக் கூட்டும் மாத்திரை. சின்னுவுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. பாராசிட்டமால் எந்த நோயிலும் வேண்டவே வேண்டாம். ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும்.

கோபத்தில் நனைக்கிறானா?

இல்லை. பழிதீர்க்க ஓரிடத்தை அசுத்தப்படுத்தும் எண்ணம் பூனைக்கு வராது. மெத்தையில் உங்கள் வாசனை இருக்கிறது, மென்மையாக இருக்கிறது, ஈரத்தை உடனே உறிஞ்சிக்கொள்கிறது. அவசரத்தில் இருப்பவனுக்கு அவ்வளவு போதும். மூக்கைத் தேய்த்து அதட்டியதில் அவன் கற்றுக்கொண்டிருப்பது ஒன்றே ஒன்றுதான்: நீங்கள் இருக்கும்போது சிறுநீர் கழிப்பது ஆபத்து. விளைவு, கட்டிலுக்கடியிலும் சோபாவுக்குப் பின்னாலும் மறைவில் கழிப்பான். அதை இன்றோடு நிறுத்துங்கள். மகளிடமும் சொல்லிவிடுங்கள்.

பினாயிலையும் நிறுத்துங்கள். கறுப்பு பினாயிலில் உள்ள ஃபீனால் வகைப் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. வெள்ளை பினாயிலில் பெரும்பாலும் பைன் எண்ணெய், அதுவும் ஆகாது. தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே உள்ளே போகும். வாசனையும் போவதில்லை, நம் மூக்குக்கு மட்டும் மறைகிறது. சரியான முறை: பழைய துணியை அழுத்திச் சிறுநீரை உறிஞ்சுங்கள், தேய்க்காதீர்கள். குளிர்ந்த தண்ணீரால் ஒருமுறை அலசுங்கள். பிறகு செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கரைசலைச் சிறுநீர் இறங்கிய ஆழம் வரை நனையும்படி ஊற்றி, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் ஊறவிட்டு, தானாக உலரவிடுங்கள். மெத்தைக்கு இரண்டு முறை தேவைப்படும். அதன்மேல் தண்ணீர் புகாத உறை போட்டுவிடுங்கள். குளியலறை மிதியடியைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் பாதித் தொல்லை அன்றே குறையும்.

லிட்டர் பாக்ஸில் மாற்ற வேண்டியவை

நோய்க்கு மருந்து கொடுத்தாலும் பாக்ஸ் இப்படியே இருந்தால் அவன் திரும்ப மாட்டான். சலவை இயந்திரம் சுழல்கிற நேரத்தில் ஒருமுறை பயந்திருந்தால் போதும், அந்த இடத்தை வெறுத்துவிடுவான். மூடி, வாசனையை உள்ளே அடைத்து வைக்கிறது. ஆற்று மணல் கட்டியாவதில்லை. சிறுநீர் அடியில் போய்த் தேங்குகிறது, முன்பைவிடப் பலமடங்கு கழிப்பவனுக்கு அது ஓரிரு நாளிலேயே சேறு.

கடைப் பாக்ஸ்கள் ஐந்து கிலோ பூனைக்குச் சிறியவை. பூனையின் மூக்கிலிருந்து வாலின் தொடக்கம் வரை அளந்து, அதில் ஒன்றரைப் பங்கு நீளம் வேண்டும்; சின்னுவுக்கு ஏறக்குறைய 70 செ.மீ. துணி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் பெட்டியை வாங்கி, ஒரு பக்கச் சுவரைத் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கால் வலிக்கிறவனுக்கு உயர்ந்த விளிம்பைத் தாண்டுவதே தண்டனை. கட்டியாகும் பென்டோனைட் மண், வாசனை சேர்க்காதது, 5 செ.மீ. ஆழம். இப்படி இரண்டு வேண்டும்: ஒன்று அவன் இப்போது தவறும் குளியலறை அருகில், இன்னொன்று கூடத்தின் அமைதியான மூலையில். சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். பழைய பாக்ஸை உடனே எடுக்க வேண்டாம், புதியதை அவன் பழகும்வரை இருக்கட்டும். காலையும் மாலையும் கட்டிகளை அள்ளுங்கள், அள்ளும்போது எண்ணுங்கள். பூனை நாளுக்கு இரண்டிலிருந்து நான்கு முறை சிறுநீர் கழிக்கும். கட்டிகளின் எண்ணிக்கையும் பருமனும் குறைவது, மருந்து வேலை செய்வதன் முதல் அடையாளமாக உங்களுக்குத் தெரியும்.

சாப்பாடு, விடியற்காலைக் கத்தல்

தயிர்சாதத்தை நிறுத்தலாம். அரிசி பூனைக்குத் தேவையில்லாதது, சர்க்கரை நோயாக இருந்தால் கெடுதல். குழம்பு மீனில் வெங்காயமும் பூண்டும் இருக்கும். அவை பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். மத்தியை எப்போதும் வேகவைத்தே கொடுங்கள்; பச்சையாகக் கொடுத்தால் அதிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1ஐ அழித்துவிடும். வெந்த மீனையும் முழு உணவாக்க வேண்டாம். நிறுத்துவதற்கெல்லாம் ஈடாக, ஈர உணவு பாக்கெட்டுகளைக் கூட்டுங்கள். உலர் தீவனத்தைவிட அவற்றில் மாவுச்சத்து பொதுவாகக் குறைவு, தண்ணீர் அதிகம். ஏற்கெனவே இன்சுலின் தொடங்கிவிட்டால் மட்டும், உணவை மாற்றுமுன் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாவுச்சத்து திடீரென்று குறைந்தால் பழைய அளவு இன்சுலினே அதிகமாகிவிடும்.

நோய் கட்டுக்குள் வந்து, எடை நிலைத்தபின் அளவுச் சாப்பாட்டுக்கு வரலாம். ஐந்து கிலோ எடையுள்ள, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு நாளுக்கு 230 முதல் 280 கிலோ கலோரி போதும். 100 கிராமில் 375 கிலோ கலோரி உள்ள உலர் தீவனம் மட்டுமே கொடுப்பதானால் அது 60 முதல் 75 கிராம். கண்ணளவு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுங்கள். நான்கு பேரும் தனித்தனியாகப் போடுவதுதான் உங்கள் வீட்டில் கணக்கைக் குழப்புவது. காலையில் ஒரு நாள் பங்கை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், யார் கொடுத்தாலும் அதிலிருந்துதான். மாமியாருக்கு அவனுக்குக் கொடுப்பதில் ஆசை என்றால் ஒரு வேளையை முழுக்க அவரிடமே விட்டுவிடுங்கள்.

பூனையின் வயிறு சிறிது சிறிதாகப் பலமுறை தின்பதற்கே அமைந்தது. ஐந்து வேளையாகப் பிரியுங்கள். நாலு மணி வேளைக்கு, நேரம் வைத்துத் திறக்கும் தானியங்கிக் கிண்ணம் வாங்கிவிட்டால் அவன் உங்களை விட்டுவிட்டு அதன் முன்னால் போய் உட்காருவான். இரவு படுக்குமுன் கயிறோ இறகோ ஆட்டிப் பத்து நிமிடம் ஓடவிட்டு, உடனே கடைசி வேளையைக் கொடுங்கள். கத்தும்போது எழுந்து போய்ப் போடும் வழக்கம் நின்றால் முதல் சில நாள் கத்தல் முன்பைவிடக் கூடும். அந்த நேரத்தில் ஒருமுறை இரங்கினாலும், இன்னும் பலமாகக் கத்தினால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வான். ஆனால் இதெல்லாம் நோய்க்கு மருந்து தொடங்கி, எடை ஏறத் தொடங்கிய பிறகுதான். உண்மையான பசியில் கத்துகிறவனைப் பழக்கத்தால் அடக்கப் பார்ப்பது கொடுமை.

மீன் மார்க்கெட்

மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தெருப்பூனைகள் அங்கே கொழுத்துத் திரிவதைப் பார்த்துச் சொல்கிறார். அவை அங்கேயே பிறந்து, நாய்க்கு ஒளியக் கற்றவை. ஒன்பது ஆண்டு வீட்டுக்குள் இருந்து, பின்னங்கால் தளர்ந்து, நாளுக்கு அரை லிட்டர் தண்ணீர் தேவைப்படக்கூடியவன் அங்கே பிழைக்க மாட்டான். பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவின்படி குற்றமும்கூட. அவரிடம் சட்டத்தைச் சொல்வதைவிட, "அவனுக்குச் சர்க்கரை இருக்கலாம் என்கிறார்கள்" என்று சொல்லிப் பாருங்கள். சர்க்கரை என்றால் என்னவென்று தெரியாத பெரியவர் நம் வீடுகளில் கிடையாது.

நாள் பார்க்காமல் கிளம்ப வேண்டிய நேரங்கள்

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் ஒரு வாரத்துக்குள் மருத்துவரிடம் போங்கள். ஆனால் கீழே சொல்பவற்றில் ஒன்று நடந்தாலும் அதே நாளில், ராத்திரியானாலும், போக வேண்டும். சின்னு சாப்பிட மறுத்து, வாந்தியெடுத்து, சுருண்டு படுத்தால். அது சர்க்கரை நோய் முற்றி இரத்தம் அமிலமாவதாக இருக்கலாம். பாக்ஸுக்குள் திரும்பத் திரும்பப் போய் முக்கி, ஒரு சொட்டு மட்டும் வந்தால், அல்லது எதுவுமே வராமல் கத்தி அடிப்பக்கத்தை நக்கினால். ஆண் பூனையின் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது, அடைத்துக்கொண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுவிடும். அதை மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துக் காத்திருப்பவர்கள் பலர். போகும்போது மூன்று நாள் தண்ணீர்க் கணக்கு, ஊசிச் சீட்டு, நடை வீடியோ, அவன் தின்னும் உணவுப் பாக்கெட்டின் பின்பக்கப் படம் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முடிவுகள் வந்ததும், எடையோடு சேர்த்து எழுதுங்கள். அடுத்துச் செய்ய வேண்டியதை அவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும்.